கையெழுத்து நோய் சொல்லத் தொடங்கிய கதை

1901 நவம்பர். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் 51 வயதுப் பெண் ஒருவர் சேர்க்கப்பட்டார். பெயர் அகஸ்டே டிட்டர். அவரைச் சோதித்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், ஒரு தாளைக் கொடுத்துப் பெயரை எழுதச் சொன்னார். 'திருமதி' என்று எழுதியதோடு அந்த அம்மாளின் கை நின்றுவிட்டது. அடுத்து என்ன எழுத வேண்டும் என்பது அதற்குள் மறந்துபோயிருந்தது. மருத்துவர் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நினைவு நழுவுவதால் எழுத்து குலைகிறது என்ற பொருளில் குறிப்பு எழுதி, அந்தத் தாளையும் கோப்பில் சேர்த்து வைத்தார் அல்சைமர்.

1906 ஏப்ரலில் அகஸ்டே இறந்தார். அவருடைய மூளையில் கண்டவற்றை அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் மருத்துவர்கள் கூட்டத்தில் அல்சைமர் விவரித்தார். 1910இல் அந்த நோய்க்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. கோப்பு மட்டும் காணாமல் போயிருந்தது. 1995 டிசம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே அது கிடைத்தபோது, முடிவுபெறாத அந்தக் கையெழுத்தும் உள்ளே பத்திரமாக இருந்தது. உலகம் முழுக்கப் பெயர் பரவிய ஒரு நோயின் முதல் கோப்பிலேயே கையெழுத்தும் ஒரு சாட்சியாக இடம்பெற்றிருக்கிறது.

எழுதும் எழுத்தைப் பார்த்து மனம் தளர்வதை முன்கூட்டியே அறியலாம் என்ற எண்ணம் எப்படிப் பிறந்தது, எங்கே வழிதவறியது, எப்படித் திரும்பி வந்தது என்ற கதையை நம் ஊரார் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கிளேபாங், செங், பாயா ரும்புட் பக்கத்துத் தாமான்களில் இன்று எழுபது எண்பது வயதில் இருக்கும் தமிழர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். புக்கிட் அசாகான், மெர்லிமாவ், காடேக் என்று மலாக்காவின் பல திசைகளில் பால்மரம் சீவிய குடும்பங்களில் பிறந்து, பிள்ளைகளோடு பட்டணத்துப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள். 2018இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினரிடம் டிமென்ஷியா எனும் முதுமை மறதி நோய்க்கான அறிகுறிகளைக் கண்டது. ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவர். ஆனால் வீட்டில் ஒருவருக்கு எழுத்து மாறினால், "வயசாச்சு, கை நடுங்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். கையொப்பம் ஒத்துவரவில்லை என்று வங்கி பாரத்தைத் திருப்பி அனுப்பினால், வேறு பேனா கொடுத்து மறுபடி போடச் சொல்கிறோம். அந்தப் பாரம் சொல்லவந்த சேதியை நாம் படிப்பதில்லை.

அல்சைமருக்கு வெகு காலம் முன்பே மருத்துவர்கள் கையெழுத்தைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், தன் பெயரைப் பிற்காலத்தில் தாங்கிய நடுக்குவாதத்தை விவரித்தபோது, நோய் முற்ற முற்ற எழுதுவது ஏறக்குறைய இயலாமல் போவதைக் குறித்தார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய மனநல விடுதிகளை நிரப்பியது வேறொரு நோய். மேகநோய்க் கிருமி மூளைக்குள் புகுந்து, நல்ல நடுவயதில் இருந்தவர்களின் அறிவையும் நடத்தையையும் அழித்தது. கடிதம் எழுதுவதும் கணக்கு எழுதுவதுமே பிழைப்பாக இருந்தவர்களிடம் அந்த நோய் எழுத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்தது. எழுத்துகள் விடுபட்டன. அசைகள் இரண்டு முறை வந்தன. வரிகள் கோணின. இவற்றை மருத்துவர்கள் நோயின் அடையாளமாகவே பாடநூல்களில் எழுதினார்கள். மனநோயாளிகளின் கையெழுத்து மாதிரிகளை மட்டுமே கொண்ட ஒரு தொகுப்பை ருடால்ஃப் கோஸ்டர் 1903இல் வெளியிட்டார்.

இதே காலத்தில் கதை இரண்டாகப் பிரிந்தது. பிரான்சில் ழான் இப்போலிட் மிஷோன் என்ற பாதிரியார், எழுத்தின் வடிவத்தைப் பார்த்து ஒருவரின் குணத்தைச் சொல்ல முடியும் என்று 1870களில் ஒரு முறையை வகுத்தார். சாய்ந்த எழுத்துக்கு ஒரு குணம், பெரிய எழுத்துக்கு ஒரு குணம், கோடு மேலே ஏறினால் ஒரு குணம். அதுதான் கிராஃபாலஜி. இன்றும் அதைச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சோதித்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஜெஃப்ரி டீன் 1992இல் தொகுத்து ஆராய்ந்தார். நடைமுறைப் பயன் தரும் அளவுக்குக் குணத்தைக் கையெழுத்து காட்டவில்லை என்பதே முடிவு. 'எழுத்துச் சோதனை' என்ற பெயரில் யாராவது உங்கள் பிள்ளைக்கு மன அழுத்தம் இருக்கிறது என்றோ, உங்கள் அம்மாவுக்கு மறதி வரப்போகிறது என்றோ சொன்னால், அது இந்தக் கிளையின் வாரிசு. அதை நம்பி மருந்தைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

மற்றக் கிளையை வளர்த்தவர் எமில் கிரேப்பலின். 1856இல் பிறந்தவர். மனத்தின் வேலையை ஆய்வுக்கூடத்தில் அளக்கலாம் என்று காட்டிய வில்ஹெல்ம் வுண்ட்டிடம் லைப்சிக் நகரில் பயின்றவர். 1890களில் ஹைடல்பர்க்கில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்தபோது 'எழுத்துத் தராசு' என்ற கருவியை உருவாக்கினார். நோயாளி எழுதும் பலகை, அழுத்தத்துக்கு ஏற்ப இறங்கி எழும்படி தராசுபோல் பொருத்தப்பட்டிருந்தது. பேனா எவ்வளவு அழுத்தமாகப் பதிகிறது, எவ்வளவு நேரம் தயங்குகிறது என்பதை ஒரு நெம்புகோல், சுழலும் உருளையில் சுற்றிய புகையேற்றிய தாளில் கோடாகக் கீறியது. என்ன எழுதச் சொன்னார் என்பது முக்கியமாக இருக்கவில்லை. எண்களை வரிசையாக எழுதினாலும் போதும். எழுத்தின் அழகையோ வடிவத்தையோ விட்டுவிட்டு, கையின் அசைவை நேரமாகவும் அழுத்தமாகவும் பிரித்து அளந்ததுதான் புதுமை.

அவருடைய மாணவர் அடால்ஃப் குரோஸ், நலமாக இருப்பவர்களின் எழுத்தையும் மனநோயாளிகளின் எழுத்தையும் அந்தக் கருவியில் ஒப்பிட்டார். கடும் சோர்வு நோயில் இருந்தவர்களின் பேனா மெதுவாக நகர்ந்தது, அழுத்தம் குறைந்தது. மனவெழுச்சி நோயில் இருந்தவர்கள் எழுத எழுத வேகமும் அழுத்தமும் ஏறின. அந்த வளைகோடுகளைக் கிரேப்பலின் தம் பாடநூலிலும் சேர்த்தார். வாயால் சொல்லத் தெரியாத மனநிலையைக் கை சொல்கிறது என்பதற்கு அளவோடு கிடைத்த முதல் சான்றுகள் அவை. அல்சைமர் பின்னர் இதே கிரேப்பலினின் மியூனிக் மருத்துவமனையில் வேலை செய்தார் என்பதையும், நோய்க்கு அல்சைமர் என்று பெயரிட்டவர் கிரேப்பலின்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த அறிவு ஒரே வீட்டில் வளர்ந்தது தெரியும்.

கிரேப்பலினுக்கு நம் பக்கத்துக் கடலோடும் ஒரு தொடர்பு உண்டு. 1904இல் அவர் ஜாவாவுக்கு வந்து, இன்று போகோர் என்று அழைக்கப்படும் பைத்தென்சோர்க் மனநல விடுதியில் நோயாளிகளைப் பார்த்தார். மனநோய் எல்லா மக்களிடமும் ஒரே மாதிரி வெளிப்படுகிறதா என்பதே அவர் கேள்வி. ஐரோப்பியர்களிடம் கண்டதை உலகத்துக்கே பொதுவென்று சொல்லிவிட முடியாது என்று நினைத்து அவ்வளவு தூரம் வந்தார். அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. கையெழுத்து விஷயத்தில் அது நம்மிடம்தான் வந்து நிற்கிறது.

1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்பட்டபோது எழுத்து மீண்டும் மருத்துவரின் கைக்கு வந்தது. மனப்பிறழ்வை அடக்கிய அந்த மருந்து, அளவு கூடினால் உடலை இறுக்கி நடுக்கவும் வைத்தது. எவ்வளவு கொடுத்தால் போதும் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் யோகிம் ஹாசே, நோயாளிகளை அவ்வப்போது ஒரே வரிகளை எழுதச் சொல்லி, அந்தத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மருந்தின் அளவு ஒரு எல்லையைத் தொட்டதும் எழுத்து சற்றே சுருங்கியது. உடல் இறுக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பேனா அதைக் காட்டியது. அதுவே போதுமான அளவு, அதற்குமேல் ஏற்றத் தேவையில்லை என்றார் ஹாசே. இந்தச் சோதனையில்தான் இந்த முழுக் கதையின் சாரமும் இருக்கிறது. அவர் யாருடைய எழுத்தையும் இன்னொருவர் எழுத்தோடு ஒப்பிடவில்லை. ஒருவரின் இன்றைய எழுத்தை அவருடைய நேற்றைய எழுத்தோடு மட்டும் ஒப்பிட்டார்.

1975இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹியூ மூவரும் 30 மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு மனத்திறன் சோதனையை வகுத்தார்கள். உலகம் முழுக்கக் கிளினிக்குகளில் பரவிய சோதனை அது. இன்று என்ன தேதி, மூன்று சொற்களை நினைவில் வையுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்பவற்றோடு, உங்களுக்குத் தோன்றிய ஒரு வாக்கியத்தை எழுதுங்கள் என்பதும் அதில் ஒரு கேள்வி. அதற்கு ஒரே ஒரு மதிப்பெண். எழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. முழு வாக்கியமாக அமைந்து பொருள் தருகிறதா என்பதே கேள்வி.

கிரேப்பலினின் தராசு மறுபிறவி எடுத்தது மின்பலகைகள் வந்த பிறகு. பேனா பலகையைத் தொடும்போதும் தொடாமல் சற்று மேலே நகரும்போதும் அது எங்கே இருக்கிறது என்பதை ஒரு நொடிக்குள் நூறு தடவைக்கு மேல் பதிய முடிந்தது. இஸ்ரேலில் சாரா ரோசன்ப்ளூம் எழுதச் சிரமப்படும் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, 2003இல் ஒரு புதிய செய்தி வெளிப்பட்டது. அந்தப் பிள்ளைகளின் பேனா தாளில் இருந்ததைவிடக் காற்றில் அலைந்த நேரம் கவனத்துக்குரியதாக இருந்தது. அடுத்து எழுத வேண்டியதை மனம் தேடும் நேரம் அது. தாளில் அதற்கு எந்தத் தடமும் இருக்காது. எழுதி முடித்த காகிதத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாத தயக்கத்தைக் கருவி பிடித்துவிட்டது.

ஹைஃபா பல்கலைக்கழகத்தின் பெர்லா வெர்னரும் ரோசன்ப்ளூமும் உடன் ஆய்வாளர்களும் இதை முதியவர்களிடம் பார்த்தார்கள். நலமாக இருப்பவர்கள், லேசான நினைவுக் குறைவு உள்ளவர்கள், அல்சைமர் நோயின் தொடக்கத்தில் இருப்பவர்கள் என்று மூன்று குழுவினர். தொலைபேசி எண், மளிகைப் பட்டியல், காசோலை விவரம் போன்ற அன்றாட எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். 2006இல் வெளியான முடிவில் குழுக்களிடையே வேறுபாடு தெரிந்தது. எழுத்தின் அளவுகளையும் ஃபோல்ஸ்டீன் சோதனையையும் சேர்த்துப் பார்த்து 69 முதல் 72 விழுக்காட்டினரைச் சரியாக இனம் பிரிக்க முடிந்தது. ஆனால் லேசான குறைவு உள்ளவர்களை இனங்காண்பதில் முறை தடுமாறியது. யாரை நாம் மிகவும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க விரும்புகிறோமோ, அவர்களிடம்தான் கருவி திணறியது. இதை மறைக்காமல் எழுதியதாலேயே அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். அதற்கிடையில் கிரேப்பலின் வாழ்ந்த அதே மியூனிக்கில், மனச்சோர்வு நோயாளிகளின் கை அசைவில் வேகமும் சீரும் குறைவதை 2004இல் ஆய்வாளர்கள் மின்பலகையில் பதிந்திருந்தார்கள். 2022இல் இத்தாலியின் கஸ்ஸினோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 174 பேர் செய்த 25 எழுத்துப் பயிற்சிகளின் பதிவுகளை எல்லாரும் ஆராய வெளியிட்டார்கள். அன்றிலிருந்து பல நாட்டுக் கணினி ஆய்வாளர்கள் அதை வைத்து வேலை செய்கிறார்கள்.

எழுத்து ஏன் இவ்வளவு சொல்கிறது? ஒரு வரி எழுதுவதற்கு மூளையின் பல பகுதிகள் ஒரே நேரத்தில் உழைக்க வேண்டும். சொல்லைத் தேட வேண்டும், எழுத்தின் வடிவத்தை நினைவிலிருந்து எடுக்க வேண்டும், விரல்களை வரிசையாக இயக்க வேண்டும், கண்ணால் வரியைச் சரிபார்க்க வேண்டும், சொல்லவந்ததை முடிக்கும்வரை மனத்தில் பிடித்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் வரியில் தெரியும். எது தளர்ந்தது என்பதை மட்டும் வரி தனியாகச் சொல்லாது. பார்க்கின்சன் நோயில் எழுத்து போகப்போகச் சிறுத்து நெருங்கும். பரம்பரையாக வரும் நடுக்கத்தில் எழுத்து பெரிதாகவும் அலை அலையாகவும் வரும். கண்புரை, மூட்டுவலி, நீரிழிவால் விரல் மரத்துப்போதல், தைராய்டு கோளாறு, பி12 சத்துக் குறைவு, மருந்தின் பக்கவிளைவு ஆகியவையும் எழுத்தைக் கெடுக்கும். இவற்றில் பல குணப்படுத்தக்கூடியவை. அதனால்தான் எழுத்து மாறியதைக் கண்டவுடன் மறதி நோய் என்று முடிவுகட்டுவதும் தவறு, வயது என்று விட்டுவிடுவதும் தவறு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஹாசே செய்த ஒப்பீட்டுக்குத் தேவையான பழைய எழுத்து நம்மிடம் நிறைய இருக்கிறது. மலேசியாவில் பாட்டி தாத்தா காலத்து வீடுகளில் 555 புத்தகம் இல்லாத வீடு அரிது. கடைக் கடன், பால் கணக்கு, சீட்டுப் பணம், கோயில் நன்கொடை எல்லாம் தேதியோடு அதில் இருக்கும். தமிழ்நாட்டுக்கு எழுதி அனுப்பாமல் போன கடுதாசி, பிள்ளைகளின் பள்ளிப் பாரம், பழைய நாட்காட்டியின் ஓரக் குறிப்பு எல்லாம் சான்றுதான். பத்து ஆண்டுக்கு முந்தைய பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அருகில் வையுங்கள். எழுத்து சிறுத்திருக்கிறதா? ஒரே சொல்லில் எழுத்து விடுபடுகிறதா, இரட்டிக்கிறதா? வரி பாதியில் நிற்கிறதா? கணக்கின் கூட்டல் தொடர்ந்து தவறுகிறதா? முன்பு மூன்று வரி எழுதியவர் இப்போது ஒரு சொல்லோடு நிறுத்துகிறாரா? சில மாதங்களாக இப்படி நீடித்தால், இரண்டு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு அரசு சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். நாட்டின் குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். எழுத்து ஒரே நாளில் திடீரென்று குலைந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள். எழுத்தோடு சேர்ந்து தூக்கமும் பசியும் பேச்சும் குறைந்திருந்தால் மனச்சோர்வையும் நினைக்க வேண்டும். அதற்குச் சிகிச்சை உண்டு, முதியவர்களுக்கும் உண்டு.

தமிழ் எழுத்து என்பதால் இன்னும் சில கவனங்கள் வேண்டும். 1978இல் தமிழ்நாடு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது, மலேசியப் பாடநூல்களும் பின்னர் அதைப் பின்பற்றின. அதற்குமுன் தோட்டப் பள்ளியில் படித்தவர்கள் ணை, லை, னை, றா போன்றவற்றைப் பழைய வடிவத்தில் எழுதுவது பழக்கம், நோயின் அடையாளம் ஆகாது. புள்ளி வைக்காமல் வேகமாக எழுதுவதும் பலருக்கு ஆயுள் முழுக்க இருந்த வழக்கம். மாறாக, 'கொ', 'கோ' எழுதும்போது காதில் பிறகு வரும் ஒலிக்குரிய கொம்பை முதலில் போட வேண்டும், பின் 'க', பின் கால். ஒலியின் வரிசையும் கையின் வரிசையும் வேறு. கையை முன்கூட்டித் திட்டமிட வைக்கும் இந்த எழுத்துகளில் புதிய தடுமாற்றம் வருகிறதா என்பது கவனிக்கத் தகுந்தது என்பது என் எண்ணம். ரோமானிய எழுத்தில் எடுத்த அளவுகளை இதற்கு அப்படியே பொருத்த முடியாது. தமிழ் எழுதும் முதியவர்களிடம் எடுத்த தமிழ் அளவுகளே வேண்டும்.

எழுதவே தெரியாதவர்களை இந்த அறிவு மறந்துவிடக் கூடாது. தோட்டத்தில் பெரட்டுக்கு நின்று, செக்ரோலில் கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய பெண்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் பேனாவைக் கொடுத்து வாக்கியம் கேட்பது சோதனையே ஆகாது. இந்தியாவில் மேரி கங்குலியும் குழுவினரும் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இந்தச் சிக்கலைத்தான் சந்தித்தார்கள். 1995இல் வெளியான அவர்களது இந்திச் சோதனையில் எழுதும் கேள்வியை எடுத்துவிட்டு, உங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லுங்கள் என்று வாய்மொழியாகக் கேட்டார்கள். சென்னையும் வேலூரும் பங்கேற்ற 10/66 டிமென்ஷியா ஆய்வும் இதே அக்கறையில் பிறந்தது. மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருந்தார்கள், ஆய்வில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை. அந்தக் கணக்கே ஆய்வின் பெயரானது. எழுதாத கைக்கும் தொழில் வரிசை உண்டு. பூ கட்டும் விரல், கோலத்தின் புள்ளி வரிசை, சமையலில் எதன்பின் எது என்ற ஒழுங்கு ஆகியவற்றில் வரும் மாற்றத்தை வீட்டார்தான் முதலில் காண்பார்கள். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம் பல்கலைக்கழகங்களில் மருத்துவமும் கணினியும் தமிழும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் எழுதும் முதியவர்களின் எழுத்து அளவுகளை எடுக்கும் வேலையை அவர்கள் கையில் எடுக்க வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வீடும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தீபாவளியோ பொங்கலோ, ஆண்டுக்கு ஒருமுறை அப்பா அம்மாவிடம் தங்கள் பெயர், முகவரி, மனத்தில் தோன்றிய இரண்டு வரி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். அவர்கள் சம்மதத்தோடு, காரணத்தைச் சொல்லியே வாங்குங்கள். தேதியைப் போட்டு வையுங்கள். மின்பலகையும் கணினியும் நம் ஊர்க் கிளினிக்கை எட்டச் சில காலம் ஆகலாம். பெற்றோரின் எழுத்து நேற்று எப்படி இருந்தது என்பதை அறிந்தவர்கள் பிள்ளைகள்தான். அதனால் முதலில் படிக்க வேண்டிய பொறுப்பும் அவர்களுடையது.